பிளேட்லெட் ஏறினால் நல்லதுதானே?

திருச்சியில் இருக்கும் பெரியம்மாவின் ரத்தப் பரிசோதனை முடிவு எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுந்தபோது மெல்போர்னில் இரவு 11 மணி. அனுப்பியது பெரியம்மாவின் மகள், பர்மிங்ஹாமில் இருக்கும் அக்கா. ஒரு வாரம் முன்புதான் பயாப்சி முடிவு வந்திருந்தது. கருப்பை வாய்ப் புற்றுநோய். இந்தத் தாளில் இரண்டு எண்கள் மட்டும் தடித்த எழுத்தில் இருந்தன. ஹீமோகுளோபின் 8.9. பிளேட்லெட் 4.86 லட்சம்.

முதல் எண்ணைப் பார்த்ததும் பேரீச்சம்பழம், முருங்கைக்கீரை, ஈரல் என்று ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டாவது எண்ணுக்குச் சென்னை மாமா போட்ட பதில்: "பிளேட்லெட் சூப்பரா இருக்கு, கவலையே படாதீங்க." அதற்குக் கீழே ஏழெட்டு கும்பிடு.

மாமாவைச் சொல்லிக் குற்றமில்லை. தமிழ்நாட்டில் பிளேட்லெட் என்ற சொல்லை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்ததே டெங்குதான். டெங்கு வந்தால் பிளேட்லெட் இறங்கும். 1 லட்சத்துக்குக் கீழே போனால் வீடே பதறும். நிலவேம்புக் கசாயம், பப்பாளி இலைச் சாறு என்று ஓடுவார்கள். "கவுண்ட் ஏறிடுச்சு" என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எல்லோருக்கும் மூச்சு வரும். ஆக, நம் மனசில் இந்த எண்ணுக்கு ஒரே திசைதான். ஏறினால் நல்லது, இறங்கினால் கெட்டது.

அன்றிரவு அக்கா எனக்குத் தனியாக ஒரு செய்தி போட்டாள். "நீ கம்ப்யூட்டர்ல இருக்கிறவன், கொஞ்சம் பார்த்துச் சொல்லுடா. பக்கத்துல ஹெச்னு போட்டிருக்கான், அது ஏன்?" கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவனுக்கு உலகத்தில் எல்லாமே தெரியும் என்பது நம் குடும்பங்களின் பழைய நம்பிக்கை. நான் மருத்துவன் இல்லை. ஆனால் எண்களோடு பழகியவன். அந்த வாரம் முழுக்கப் படித்ததையும், பிறகு பெரியம்மாவின் மருத்துவரிடம் கேட்டுத் தெளிந்ததையும்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் யாராவது ஒரு நாள் இப்படி ஒரு பிடிஎஃப் அனுப்பலாம்.

முதலில் ஒரு சின்ன விஷயம். ஊரில் பாதி, வெளியே பாதி என்று இருக்கும் குடும்பங்கள் ஒருமுறையாவது தடுக்கி விழும் இடம் இது. ஊர் லேப், ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் 4.86 லட்சம் என்று போடும். அதே ரத்தத்தை ஆஸ்திரேலியாவிலோ பிரிட்டனிலோ கனடாவிலோ கொடுத்தால் தாளில் 486 என்று வரும். லிட்டருக்கு எத்தனை நூறு கோடி என்ற கணக்கு அது. இரண்டும் ஒன்றேதான், லட்சக் கணக்கை நூறால் பெருக்கினால் போதும். சாதாரண அளவு 1.5 லட்சத்திலிருந்து 4 லட்சம் வரை, சில லேப்களில் 4.5 லட்சம் வரை. அக்காவின் பிரசவ நேரத்து ரிப்போர்ட்டில் 210 என்று பார்த்துவிட்டு, "வெறும் இருநூத்திப் பத்தா!" என்று பெரியம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அது 2.1 லட்சம், நூற்றுக்கு நூறு நார்மல்.

இனி அந்த ஹெச் எழுத்துக்கு வருவோம்.

கருப்பை வாய்ப் புற்றுநோய் வந்த பெண்களின் பிளேட்லெட் அளவை 1990களிலிருந்தே பல நாடுகளில் ஆராய்ந்திருக்கிறார்கள். முறை எளிதானது. பழைய நோயாளிகளின் கோப்புகளை எடுப்பார்கள். சிகிச்சை தொடங்குவதற்கு முன்பு எடுத்த ரத்தப் பரிசோதனையில் 4 லட்சம் என்று ஒரு கோடு கிழிப்பார்கள், சிலர் 4.5 லட்சத்தில். கோட்டுக்கு மேலே இருந்தவர்கள், கீழே இருந்தவர்கள் என்று பிரித்து, எத்தனை பேர் எத்தனை ஆண்டு உயிரோடு இருந்தார்கள் என்று பார்ப்பார்கள். பெரும்பாலான ஆய்வுகளில், மேலே இருந்தவர்கள் சராசரியாகக் குறைந்த காலமே வாழ்ந்திருக்கிறார்கள். நோய் திரும்ப வருவதும் அவர்களிடம் கூடுதல். பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த கட்டுரைகளும் அதே பக்கம்தான் சாய்கின்றன.

அன்றிரவு நான் படித்தது இவ்வளவுதான். படித்துவிட்டு லேப்டாப்பை மூடிவைத்தேன். தூக்கம் வரவில்லை. மாமா அனுப்பிய கும்பிடுகளுக்குக் கீழே போய் இதை எப்படி எழுதுவது?

மறுநாள் காலை ஒரு விஷயம் உறைத்தது. எண் கூடுதலாக இருந்தவர்கள் சீக்கிரம் இறந்தார்கள் என்பதும், எண் கூடியதால் இறந்தார்கள் என்பதும் ஒன்றல்லவே. என் வேலையில் இது தினமும் நடப்பது. சர்வர் சூடாகிறது என்று எச்சரிக்கை வரும். சூடு நோயா, நோயின் அறிகுறியா என்று பார்க்காமல் ஃபேனை மட்டும் வேகமாக ஓடவிட்டால், உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் தவறான புரோகிராம் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

பிளேட்லெட் ஏன் ஏறுகிறது? பெரியம்மாவின் தாளிலேயே ஒரு பதில் இருந்தது. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த ஹீமோகுளோபின் 8.9.

பெரியம்மாவுக்கு 61 வயது. மாதவிடாய் நின்று 9 வருஷம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு ரத்தம் பட ஆரம்பித்து எட்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. "உடம்புச் சூடு" என்று வெந்தயம் ஊறவைத்துக் குடித்திருக்கிறார். என்னிடம் பேசும்போதுகூட, "இதையெல்லாம் உன்கிட்ட எப்படிடா சொல்றது தம்பி" என்று போனை என் மனைவியிடம் கொடுக்கச் சொன்னார். எட்டு மாதம் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் போனால் உடம்பில் இரும்புச்சத்து காலியாகிவிடும். இரும்பு குறைந்தால் எலும்பு மஜ்ஜையில் சிவப்பணு உற்பத்தி படுத்துவிடும். அதே நேரம் பிளேட்லெட்டைத் தயாரிக்கும் பெரிய செல்களின் பக்கம் உற்பத்தி சாய்ந்துவிடும். புற்றுநோயே இல்லாமல், மாதவிடாயில் அதிக ரத்தம் போகும் இளம்பெண்களுக்கும் இதனால் பிளேட்லெட் ஏறுவது உண்டு.

ஆக, உயர்ந்த பிளேட்லெட் சில பெண்களிடம் சொல்வது, "இவளுக்கு நெடுநாளாக ரத்தம் போகிறது" என்பதைத்தான். நெடுநாள் ரத்தம் போவது பெரும்பாலும் பெரிய கட்டியின் வேலை. கட்டி பெரிதென்றால் நோய் முற்றியிருக்க வாய்ப்பு கூடுதல். அவர்கள் குறைந்த காலம் வாழ்ந்ததில் என்ன ஆச்சரியம்? இதனால்தான் ஆய்வுகளுக்குள்ளேயே சண்டை. கட்டியின் அளவு, நோயின் நிலை, நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியதா என்பதையெல்லாம் கணக்கில் சேர்த்தபின், சில ஆய்வுகளில் பிளேட்லெட்டின் தனிப் பங்கு மங்கிப்போகிறது. வேறு சிலவற்றில் அப்போதும் நிற்கிறது. அந்த 4 லட்சம் கோட்டுக்கும் தெய்வீகம் ஏதுமில்லை. 3.98க்கும் 4.02க்கும் நடுவில் உடம்பில் எந்தச் சுவரும் கிடையாது.

ஆனால் வெறும் அறிகுறி என்று முழுதாகத் தள்ளிவிடவும் முடியாது. இங்கே கதை சுவாரஸ்யமாகிறது. 2012ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்த ஒரு ஆய்வு, அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் மையத்தில் அனில் சூத் என்பவரின் குழு செய்தது. அது கருப்பை வாய் அல்ல, சினைப்பைப் புற்றுநோய். 619 பெண்களில் 31 சதவீதம் பேருக்கு, நோய் கண்டுபிடிக்கும்போதே பிளேட்லெட் உயர்ந்திருந்தது. அதற்கான வழியை அவர்கள் அடி அடியாகத் தேடிப் பிடித்தார்கள். கட்டி இன்டர்லூக்கின்-6 என்ற புரதத்தைச் சுரக்கிறது. அது கல்லீரலுக்குப் போய், த்ராம்போபொயட்டின் என்ற ஹார்மோனைக் கூட்டச் சொல்கிறது. அந்த ஹார்மோன் எலும்பு மஜ்ஜைக்குப் போய், "இன்னும் பிளேட்லெட் போடு" என்கிறது. கட்டி கல்லீரலை ஏமாற்றித் தனக்கு ஆள் சேர்த்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வந்த ஆட்கள் சும்மா இருப்பதில்லை. நமக்குக் கை வெட்டுப்பட்டால் பிளேட்லெட் இரண்டு வேலை செய்யும். ஓட்டையை அடைக்கும், பிறகு புண் ஆறுவதற்கான வளர்ச்சிப் பொருட்களைக் கொட்டும். புதிய ரத்தக்குழாய் முளைக்கத் தேவையானதும் அதில் அடக்கம். இதே உபகாரத்தைக் கட்டிக்கும் செய்கிறது. கட்டியிலிருந்து பிய்ந்து ரத்தத்தில் மிதக்கும் புற்றுசெல்களைச் சுற்றி பிளேட்லெட்டுகள் போர்வை மாதிரி ஒட்டிக்கொள்வதையும், நோய் எதிர்ப்பு செல்களின் கண்ணில் அவை படாமல் மறைப்பதையும் ஆய்வகத்திலும் எலிகளிலும் பார்த்திருக்கிறார்கள்.

சரி, அப்படியானால் மருந்து கொடுத்து பிளேட்லெட்டை இறக்கிவிடலாமே? அக்கா அடுத்து கேட்டது இதைத்தான். "தினம் ஒரு ஆஸ்பிரின் போடலாமா? அப்பாவுக்கு ஹார்ட்டுக்குக் கொடுக்கிறாங்களே." எலியில் பலித்தது மனுஷனுக்குப் பலிக்குமா என்பது வேறு வழக்கு. கருப்பை வாய்ப் புற்றுநோயில் பிளேட்லெட்டை இறக்குவது வழக்கமான சிகிச்சையில் இல்லை. அதுவும் ஏற்கனவே கட்டியிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டிருக்கும் ஒருவருக்கு, நாமாக ஆஸ்பிரின் கொடுப்பது எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுகிற வேலை. மருத்துவர் சொல்லாமல் கூடவே கூடாது.

மருத்துவர் எங்கள் கவனத்தைத் திருப்பிய இடம் வேறு. முதலில் நோயின் நிலை. பெரியம்மாவுக்கு 2பி. அதாவது கருப்பை வாயைத் தாண்டிப் பக்கவாட்டுத் திசுவுக்கு வந்துவிட்டது, இடுப்புச் சுவர்வரை போகவில்லை. அமெரிக்கப் புள்ளிவிவரங்களின்படி கருப்பை வாயோடு நிற்கும் நோயில் நூற்றுக்கு சுமார் 90 பேர் 5 ஆண்டு கடந்து வாழ்கிறார்கள். பக்கத்துத் திசுக்களுக்கோ நிணநீர்க் கணுக்களுக்கோ பரவினால் சுமார் 60 பேர். தூரத்து உறுப்புகளுக்குப் போய்விட்டால் 20 பேர் அளவில். இந்த வித்தியாசத்தைப் பாருங்கள், பிளேட்லெட் செய்யும் வித்தியாசம் இதன் பக்கத்தில் எடுபடாது.

ஆனால் 4.86 லட்சத்தை அவர் ஒதுக்கிவிடவும் இல்லை. முதல் வேலையாக இரும்புச்சத்து எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கச் சொன்னார். சிறுநீரில், கட்டியில் தொற்று இருக்கிறதா என்று பார்த்தார், தொற்றும் பிளேட்லெட்டை ஏற்றும். ரத்தம் ஏற்ற வேண்டி வரலாம் என்றார். பிறகு ஒரு கேள்வி: கால் ஏதாவது வீங்குகிறதா?

இந்தக் கேள்வியின் வயது 160 ஆண்டு. 1865ல் பாரிஸில் அர்மாண்ட் த்ரூஸோ என்ற மருத்துவர், காரணமில்லாமல் நரம்புகளில் ரத்தம் உறைந்தால் உள்ளே புற்றுநோய் ஒளிந்திருக்கலாம் என்று மாணவர்களுக்குச் சொன்னார். இரண்டே ஆண்டில் அதே அடையாளத்தைத் தன் உடம்பில் கண்டு தன் நோயைத் தானே தெரிந்துகொண்டார். அந்த 1867லேயே இறந்துபோனார். இன்றைக்கும் அந்த உறவு உண்மைதான். புற்றுநோய் இருக்கும்போது ரத்தம் உறைவதற்கான அபாயம் கூடுதல். ஒரு கால் மட்டும் வீங்குவது, கெண்டைக்கால் வலி, திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இவற்றில் எது வந்தாலும் உடனே போக வேண்டும், காலை வரை காத்திருக்கக் கூடாது.

இது எங்களுக்கு ஏன் முக்கியமாகிப்போனது என்றால், அக்கா பெரியம்மாவை பர்மிங்ஹாமுக்குக் கூட்டிப்போய்விடலாம் என்று விசா வரைக்கும் விசாரித்துவிட்டாள். வெளியே இருக்கும் பிள்ளைகள் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது அதுதான்: இங்கே கூட்டிவந்துவிட்டால் போதும். ஆனால் பத்து மணி நேரத்துக்கு மேல் கால் மடக்கி உட்காரும் பயணம், உறைவதற்குத் தயாராக இருக்கும் ரத்தம், விசாவுக்கும் அங்கே முதல் தேதி கிடைப்பதற்கும் ஆகும் வாரங்கள். திருச்சியில் பத்தாம் நாள் சிகிச்சை தொடங்கத் தயாராக இருந்தார்கள். அக்கா அழுதாள். பிறகு அவளே லீவு போட்டுவிட்டுக் கிளம்பினாள்.

சிகிச்சை என்றால் 25 நாள் கதிர்வீச்சு. திங்கள் முதல் வெள்ளி வரை, ஐந்து வாரம். ஊரில் "கரண்ட் வைக்கிறது" என்பார்கள். கூடவே வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து. அதற்குப்பின் உள்ளே வைத்துக் கொடுக்கும் கதிர்வீச்சு. கருப்பை வாய்ப் புற்றுநோயில் கதிர்வீச்சோடு சிஸ்பிளாட்டின் சேர்த்தால் கூடுதல் பேர் பிழைக்கிறார்கள் என்று பெரிய ஆய்வுகள் காட்டியபின், 1999ல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் மருத்துவர்களுக்கு ஒரு சிறப்பு அறிவிப்பே அனுப்பியது. அதிலிருந்து இதுதான் உலகம் முழுக்க அடிப்படைச் சிகிச்சை. இதில் நாள் கணக்கு ரொம்ப முக்கியம். எல்லாம் சேர்த்து 8 வாரத்துக்குள், அதாவது 56 நாளுக்குள் முடிய வேண்டும் என்பது வழிகாட்டி. இழுத்தடித்தால் பலன் குறைகிறது.

இங்கேதான் அதே எண் தலைகீழாகத் திரும்பியது. மூன்றாம் வாரம் 1.9 லட்சம். குழுவில் எல்லோருக்கும் சந்தோஷம், நார்மலுக்கு வந்துவிட்டது. நான்காம் வாரம் 92 ஆயிரம். இப்போது எல்லோருக்கும் டெங்கு ஞாபகம் வந்துவிட்டது.

பயப்பட வேண்டிய இறக்கம் இது இல்லை என்றார்கள். பிளேட்லெட்டின் ஆயுள் ஒரு வாரம் முதல் பத்து நாள்தான். உடம்பு தினமும் 10,000 கோடி அளவில் புதிதாகச் செய்துகொண்டே இருக்க வேண்டும். பெரியவர்களுக்கு எலும்பு மஜ்ஜையின் பெரும்பங்கு இடுப்பெலும்பிலும் கீழ் முதுகெலும்பிலும் இருக்கிறது, கதிர்வீச்சு போகும் இடமும் அதுவே. கீமோவும் மஜ்ஜையை அடக்கும். அதனால் இறங்குகிறது. பல இடங்களில் 1 லட்சத்துக்குக் கீழே போனால் அந்த வாரத்துக் கீமோவைத் தள்ளிவைப்பார்கள். பெரியம்மாவுக்கும் ஒரு வாரம் தள்ளினார்கள். கதிர்வீச்சை நிறுத்தவில்லை. பிளேட்லெட் ஏற்றுவதெல்லாம், ரத்தப்போக்கு இல்லாதவரை, 10 ஆயிரத்துக்குக் கீழே போகும்போதுதான் பொதுவாக யோசிப்பார்கள்.

அந்த ஒரு வாரத்தில்தான் பப்பாளி இலைச் சாறு மறுபடி வந்தது. ஒரு சித்தப்பா விடியற்காலையில் அரைத்து பாட்டிலில் கொண்டுவந்துவிட்டார். அன்பு, வேறென்ன. ஆனால் சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைப் படுத்தும் மருந்து. வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஏற்கனவே இருக்கிறது. கைவைத்தியமானாலும் சரி, மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் ஐபுப்ரோஃபென் ஆனாலும் சரி, டாக்டரிடம் காட்டாமல் உள்ளே போகக் கூடாது. அக்கா அந்த பாட்டிலை அப்படியே ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போய் நர்ஸிடம் காட்டிவிட்டுத் திருப்பிக் கொண்டுவந்தாள். சித்தப்பா இரண்டு நாள் பேசவில்லை.

இதைப் படித்துவிட்டு உங்கள் பழைய ரிப்போர்ட்டை எடுத்துப் பார்ப்பீர்கள் என்று தெரியும், நானும் பார்த்தேன். 430 என்று இருந்தால் உடனே கெட்டதாக நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தினர் 2017ல் வெளியிட்ட ஆய்வில், 40 வயதைத் தாண்டி, பிளேட்லெட் 400க்கு மேல் இருந்தவர்களை ஒரு வருடம் கவனித்தார்கள். பெண்களில் 6.2 சதவீதம் பேருக்குப் புற்றுநோய் இருந்தது, ஆண்களில் 11.6. மற்ற பெண்களுக்கு, அதாவது 94 பேர் அளவில், இல்லை. ஆனால் காரணமில்லாமல் உயர்ந்தே நிற்கிறதென்றால், "ஏன்?" என்று ஜிபியிடம் கேட்கத் தகுந்த எண்தான். கருப்பை வாய்ப் புற்றுநோயை மட்டும் பிளேட்லெட்டை வைத்துத் தேடாதீர்கள். அதற்கென்று ஹெச்பிவி பரிசோதனை இருக்கிறது. கட்டி உருவாவதற்குப் பல ஆண்டு முன்பே அது சொல்லிவிடும்.

நம்மில் பலர் நம் பெண்பிள்ளைக்கு, இப்போது பையனுக்கும், பள்ளியில் ஹெச்பிவி தடுப்பூசி படிவம் வந்தால் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறோம். நம் மனைவிக்கோ நமக்கோ பரிசோதனைக்குக் கடிதம் வந்துவிடுகிறது. நடுவில் விட்டுப்போவது அம்மாக்கள். பேரப்பிள்ளையைப் பார்க்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள், ஒருமுறைகூடப் பரிசோதித்துக்கொள்ளாதவர்கள், "எனக்கெல்லாம் அந்த வயசு போயாச்சு" என்பவர்கள். ஆஸ்திரேலியாவில் 25 முதல் 74 வயது வரை 5 வருடத்துக்கு ஒருமுறை. 2022 ஜூலையிலிருந்து, திரைக்குப் பின்னால் போய்த் தானே ஒரு பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்துக் கொடுத்துவிடலாம், யாரும் பார்க்க வேண்டியதில்லை. என் அம்மாவுக்கு 66. பெரியம்மாவின் செய்தி கேட்டபின்பும் மூன்று வாரம் சாக்குச் சொன்னார். கடைசியில் என் மனைவிதான் கூட்டிப்போனாள். இரண்டு நிமிஷத்தில் வெளியே வந்து, "இதுக்கா இவ்ளோ நாள் பயந்தேன்" என்றாராம். என்னிடம் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

பெரியம்மாவுக்கு எல்லாம் 54 நாளில் முடிந்தது. போன வாரம் வந்த ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபின் 11.2, பிளேட்லெட் 2.41 லட்சம். பக்கத்தில் எந்த எழுத்தும் இல்லை. இந்த முறை குழுவில் போடுவதற்கு முன் பெரியம்மாவே எனக்கு போன் செய்தார்.

"தம்பி, ரெண்டு நாப்பத்தொண்ணுங்கிறது ஏறினதா இறங்கினதா? நல்லதுதானே?"

ரத்தம் போவது நின்றிருக்கிறது, மஜ்ஜை மறுபடி வேலை செய்கிறது, அந்த அளவுக்கு நல்லது என்றேன். நோய் போய்விட்டதா என்று இந்த எண் சொல்லாது பெரியம்மா, அதுக்கு ஸ்கேன் பார்க்கணும் என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, மெல்போர்னில் குளிர் எப்படி, சின்னவன் தமிழ் கிளாஸுக்குப் போகிறானா என்று கேட்டார்.

பெட் ஸ்கேன் அடுத்த வியாழக்கிழமை.